பியானோவுக்கும் உப்புக் காற்றுக்கும் சம்பந்தமில்லை

இன்று காலை டிஜிட்டல் பியானோவில் லைட் எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"உப்புக் காத்துதான். உள்ள போர்டு போயிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். கடலோர மரக்காணத்தில் கேட் துருப்பிடித்தாலும் ஃபிரிட்ஜ் நின்றாலும் இதே தீர்ப்புதான். இத்தனைக்கும் இவரே உப்பளம் வைத்திருப்பவர்!

வால்யூமைக் கூட்டினேன். பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

குனிந்து பார்த்தால், ஹெட்போன் துளையில் சின்ன அடாப்டர். அது சொருகியிருந்தால் ஸ்பீக்கரில் சத்தம் வராது. நானோ ஹெட்போனைத் தொடுவதே இல்லை.

"ஏங்க, இத யாரு மாட்டினது?"

நெளிந்தார். "உன் பொறந்த நாளுக்கு வாசிக்கலாம்னு, நீ வேலைக்குப் போனப்புறம், பக்கத்து வீட்ல கேட்டு உன்கிட்ட சொல்லிடக் கூடாதுன்னு ஹெட்போன்ல பழகிட்டிருந்தேன்."

"இப்பவே வாசிங்க!"

வாசித்தார். வரிக்கு வரி தப்பு. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

தப்புக்கும் உப்புக் காற்றுதான் காரணமாம். நம்பலாமா, சொல்லுங்கள்.