அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னோர் இலை

எங்கள் அண்ணன் ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். மூத்த பிள்ளை என்பதால் அவருடைய படிப்பு பாதியில் நின்றது. எங்கள் படிப்பு நிற்கவில்லை. திரிங்காப் தோட்டங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக் கோலாலம்பூருக்கு லோரி ஓட்டியே எங்களைக் கரை சேர்த்தார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டவள் கடைசித் தங்கையான நான்தான்.

அந்த மனிதரின் இதயம் வீங்கிப் பலமிழந்தது. முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு பேசினாலே வாங்கியது. மாற்று இதயம் ஒன்றே வழி என்றார்கள் மருத்துவர்கள். அண்ணி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நானும் தினமும் விளக்கேற்றி, "சீக்கிரம் ஒரு இதயம் கிடைக்கணும் தாயே" என்று வேண்டினேன். அந்த வேண்டுதலுக்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேண்டியிருப்பேன்.

கிடைத்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி போனில் சொன்னதும் கோயிலில் உறுமி மேளம் வைத்தோம். லயம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். பட்டாசுக்குத் திரி கொளுத்தியது நான். அண்ணன் கண் விழித்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வீடியோவும் எடுத்து அனுப்பினேன்.

அதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பாப்பா, நீ வெடி போட்ட நேரத்துல இதயம் குடுத்த அந்த வீட்டுல பொணம் கெடந்திருக்கும்லா?"

அதன் பிறகு அவர் எழுந்து நடக்க மறுத்தார். தையல் ஆறியது, பரிசோதனைகளில் குறை இல்லை, கால்கள் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தன. இதயம் புதிதானால் போதாது, நடந்தால்தான் உடம்பு தேறும் என்று பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண்மணி கெஞ்சிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, மருந்து, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சரியாக இருந்தும் மனம் ஒத்துழைக்காவிட்டால் தேற மாட்டார் என்றார். அந்த மனத்தை ஒடித்தவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணனே வழி சொன்னார். இதயம் கொடுத்தவருக்குக் கருமாதி செய்ய வேண்டும் என்றார். அண்ணி பதறிவிட்டார்.

"என்னங்க, நீங்க உசுரோட இருக்கையில வீட்டுல கருமாதியா? யாராச்சும் கேட்டா சிரிப்பாங்க லா!"

"செத்தவரு என் நெஞ்சுக்குள்ளதான் இருக்காரு. அவருக்கு நான் தீட்டுக் காக்காம வேற யாரு காக்கறது?"

படையலுக்கு என்ன வைப்பது என்று அடுத்த குழப்பம். இறந்தவர் ஆணா பெண்ணா, மலாய்க்காரரா சீனரா நம்மவரா, எதுவும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள். ஆட்டுக்கறியா, மீகூன் நூடுல்ஸா என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். அண்ணன்தான் முடித்துவைத்தார்: "சோறும் பழமும் வைங்க. ஒரு கப் தே ஓ வைங்க. இந்த ஊருல அந்தப் பாலில்லாத் தேத்தண்ணியக் குடிக்காதவன் யாரு?" கிருமி தொற்றாமலிருக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு, பூக்களுக்கு எட்டத் தள்ளி உட்கார்ந்து கும்பிட்டார். நான் அன்றைக்கு அழுதது யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை செருப்பைத் தேடினார். லயத்துக் கடைசி வரை போனார். நாளாக நாளாகத் தேயிலைச் சரிவு வரை போனார். மாற்றிவைத்த இதயம் சட்டென்று வேகம் பிடிக்காதாம், நடையை மெதுவாகத் தொடங்கி மெதுவாகத்தான் நிறுத்த வேண்டுமாம். "தாப்பா மேட்டுல ஏறுற லோட் லோரி மாதிரிதான் பாப்பா, மொத கியர்லயே போகணும்" என்று சிரிப்பார். மருந்து வேளை தவறியதில்லை. மண்ணைத் தொடவில்லை, கூட்டத்துக்குப் போகவில்லை. இரவல் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் உடம்பைப் பார்த்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் இதயம் தந்தவருக்குப் படையல் இலை விழுந்தது. இந்த மழைக்காலத்தில் நுரையீரலில் பற்றிய கிருமி அவரை விடவில்லை.

பரிசோதனைக்குக் கோலாலம்பூர் வரை அழைத்துப்போன லோரி நண்பர்களுக்கும், அவருடைய கோப்பையை எப்போதும் தனியாகக் கொதிநீரில் கழுவிக்கொடுத்த சாப்பாட்டுக்கடை பாய்க்கும், பயிற்சி கொடுத்த அந்தப் பெண்மணிக்கும், இன்று அண்ணனின் கருமக்கிரியைக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதயம் தந்த வீட்டாருக்கு நன்றி என்று மட்டும் எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்ற அம்மா, நீங்கள் யாரோ, எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. இன்று அண்ணனுக்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளைக்கும் இலை போட்டிருக்கிறோம், ஒரு கப் தே ஓவோடு. அந்த இதயம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பட்டாசு வெடித்து ஊருக்கே சொன்னேன். அது நின்றுவிட்டது என்பதை உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.