இருமலில் சர்க்கரை

என் சித்தி வீட்டில் டீ போட வேண்டுமென்றால் வயிற்றிலிருந்து டீத்தூளையும் இருமலிலிருந்து சர்க்கரையையும் எடுக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூடிப்போன மருந்துக்கடை ஒன்றின் இழுப்பறை அலமாரிதான் அவள் சமையலறையில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. முப்பது சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பித்தளைச் சட்டம், அதற்குள் கடைக்காரர் கையால் எழுதிய அட்டை: இருமல், வயிறு, காயம், கண், தூக்கம். சித்தி அலமாரியின் பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டினாள், உடைந்த அடிப்பலகைகளை மாற்றினாள், ஆனால் அட்டைகளைத் தொடவில்லை. "நல்ல கையெழுத்து. எதுக்குக் கிழிக்கணும்?" என்றாள். எதை எதில் வைப்பது என்று முடிவு செய்தது சித்தப்பா. அதனால்தான் கண்ணில் மிளகாய்த்தூளும் தூக்கத்தில் காபித்தூளும் இருக்கின்றன.

சித்தி என் அம்மாவின் தங்கை. வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலை. பகல் முழுவதும் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு வந்து, சாயங்காலம் மரத்தைத் தேய்ப்பாள். தெருவில் அவளுக்கு 'உப்புத்தாள் அக்கா' என்று பெயர். மரத்தை வழுவழுப்பாக்கும் அந்தச் சொரசொரப்புக் காகிதம் இல்லாமல் அவள் கைப்பையை யாரும் பார்த்ததில்லை. சித்தப்பா பார்சல் வேன் ஓட்டுகிறார். எந்தத் தெருவில் யார் வீட்டைக் காலி செய்கிறார்கள், எந்த ஆபீஸில் மேஜை நாற்காலியை வெளியே தள்ளுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். தூக்கிக்கொண்டு வருவார், பிறகு அலுத்துக்கொள்வார். "இந்த வீட்டுல பாலிஷ் போடாத பழைய சாமான் நான் ஒருத்தன்தான்" என்பார்.

"வரிசையில வாங்க, போட்டுடலாம்" என்பாள் சித்தி.

நாங்கள் அதே கட்டடத்தில் மாடியில் இருக்கிறோம். நான் இந்த வருடம் பள்ளிக்கூடத்தை முடித்தேன். அடுத்து என்ன என்று எல்லோரும் கேட்டுக் கேட்டு என்னைத் துரத்த, நான் படியிறங்கி சித்தி வீட்டுக்கு ஓடிவிடுவேன். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கூடத்தில் சினிமா கொட்டகையிலிருந்து வந்த மூன்று மடக்கு நாற்காலிகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி, இருக்கை எண்களோடு இருக்கும். எனக்குப் பிடித்தது பதினாறாம் எண். எதிரே சுவரில் டிக்கெட் கவுன்ட்டர் ஜன்னல் ஒன்றின் சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. தலை சீவும்போது டிக்கெட் கொடுக்கிறவர் போலத் தெரிவோம்.

இவ்வளவும் இருந்த அந்த வீட்டில் ஒரு அறை மட்டும் எட்டு வருடமாகக் காலியாக இருந்தது. சித்தியும் சித்தப்பாவும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன வருடம் ஒரு நாள் இரண்டு பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்குப் போய், ஒரு பிள்ளையை வளர்க்க மனு கொடுத்துவிட்டு வந்தார்கள். கைக்குழந்தைதான் வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை. காப்பகத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அதற்கு முன் ஒரு வீட்டுக்குப் போய், ஐந்து மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவள்.

என் அம்மா மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள், "உனக்கென்னடி, பழசை எடுத்து நல்லா ஆக்குற கை உனக்கு" என்று. சித்தி அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"அவ சாமான் இல்லக்கா. இன்னொரு தடவை அப்படிச் சொல்லாத."

காப்பகத்து அதிகாரியம்மா வீட்டைப் பார்க்க வந்தார். சினிமா நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். ஏற்பாட்டைச் சொன்னார்: பிள்ளை முப்பது நாள் இங்கே தங்குவாள், முப்பதாம் நாள் நான் வந்து, இங்கேயே இருக்க விருப்பமா என்று அவளையே கேட்பேன், அவள் இல்லை என்றால் இல்லைதான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒன்று சேர்த்துக்கொண்டார்.

"எல்லாமே பழசா இருக்கேம்மா. பிள்ளைக்குன்னு புதுசா ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும், இல்ல?"

இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாத் தவறுக்கும் காரணம்.

பிள்ளைக்காகச் சித்தி எடுத்து வைத்திருந்தது, டைப்ரைட்டிங் பள்ளி ஒன்றிலிருந்து வந்த சின்ன மேஜை. ஒன்பது வயதுக்குச் சரியான உயரம். சாதாரணமாக என்றால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, ஒரு வாரத்தில் முடித்திருப்பாள். அதிகாரியம்மா சொன்ன பிறகு அவளுக்கு அது போதவில்லை. புதுச் சாமானே இதனிடம் தோற்க வேண்டும் என்று அரக்குப் பாலிஷ் போட முடிவு செய்தாள். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் தொட்டுத் தொட்டு மெல்லிய பூச்சாகத் தேய்க்க வேண்டும். காய வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். இருபத்திரண்டு பூச்சு போட்டாள். ஹார்டுவேர் கடைக்காரர் ஸ்பிரிட் பாட்டிலைக் கொடுக்கும்போதே கேட்டாராம்: "பிள்ளைங்க புழங்குற மேஜைக்கா இது? சூடு தாங்காதேக்கா. தண்ணி பட்டாலும் வெளுத்துடும்."

"என் வீட்டுக்கு வர்ற பிள்ளை பார்த்துப் புழங்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மேஜை என்னவோ அழகாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் என் பல் தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை வந்தாள். ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில். சித்தியை 'ஆன்ட்டி' என்றாள், சித்தப்பாவை 'அங்கிள்' என்றாள், என்னை 'அக்கா' என்றாள். நல்ல பிள்ளை. ரொம்ப நல்ல பிள்ளை. சாப்பிட்ட தட்டை அவளே கழுவினாள், போர்வையை மூலை சேர்த்து மடித்தாள். ஆனால் எதைக் கேட்டாலும் 'உங்க' என்று ஆரம்பித்தாள். உங்க வீட்டு லைட் சுவிட்ச் எங்க இருக்கு. உங்க சோப்பை எடுத்துக்கலாமா. உங்க ஜன்னலைத் திறக்கலாமா. ஒவ்வொரு 'உங்க'வுக்கும் சித்தியின் முகம் கொஞ்சம் சுருங்கும்.

"நம்ம ஜன்னல்தான்டா, திற" என்பாள்.

"சரி ஆன்ட்டி" என்பாள் அவள். மறுநாள் மறுபடியும், "உங்க ஜன்னலை மூடிடவா?"

பத்தாம் நாள் வாக்கில் இன்னொன்று நடந்தது. அவள் மேஜையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுப்பாடத்தைத் தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். மேஜை மேல் பெரிய உலக வரைபடப் புத்தகம் ஒன்று நடுவில் கிடந்தது. அதை அவள் நகர்த்தவே இல்லை.

"மேஜை பிடிக்கலை போல" என்றாள் சித்தி என்னிடம், சமையலறையில், குரலைத் தாழ்த்தி. "புதுசே வாங்கியிருக்கலாமோ?" சித்தி வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா வேன் சாவியைக் காணாமல் வீடு முழுவதும் கலைத்துக்கொண்டிருந்தார். தேடுகிற வேகத்தில் அந்த வரைபடப் புத்தகத்தைத் தூக்கினார். அடியில், பளபளக்கும் மேஜையின் நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். சூடான பால் டம்ளர் வைத்த தடம்.

அந்தப் பெண் கதவருகில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள், வட்டத்தைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பையை இழுத்தாள். பை ஏற்கெனவே கட்டியிருந்தது. எத்தனை நாளாக அப்படியே இருந்ததோ தெரியாது.

"துடைச்சுப் பார்த்தேன் ஆன்ட்டி, போகலை. சோப்புப் போட்டும் பார்த்தேன்." அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். "அங்கிள், வேன் எப்போ கிளம்பும்?"

சித்தி விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கோபம்தான் என்று நானே நினைத்தேன். அடுப்பு பற்றவைத்த சத்தம். அந்தப் பெண் பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன்.

சித்தி திரும்பி வந்தபோது கையில் ஆவி பறக்கும் டீ டம்ளர். நேரே போய் மேஜை மேல், வட்டத்துக்குப் பக்கத்தில், அடியில் எதுவும் வைக்காமல் நச்சென்று வைத்தாள். சித்தப்பாவே பதறிவிட்டார். "ஏய், ஏய்! இருபத்திரண்டு பூச்சு!"

"சும்மா இருங்க." சித்தி சினிமா நாற்காலியில் உட்கார்வது போலத் தரையில் சாவகாசமாக உட்கார்ந்தாள். "கொஞ்சம் ஆறட்டும்."

ஆறும்வரை அறையில் நாலு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சித்தி, "இப்ப எடு" என்றாள். அந்தப் பெண் பையைக் கீழே வைக்காமல் ஒரு கையால் எடுத்தாள். இரண்டாவது வட்டம். முதல் வட்டத்தைவிடப் பெரியது.

"பார்த்தியா, யார் வச்சாலும் வரும். தப்பு உன்னோடது இல்ல. டம்ளர் வைக்கிற பிள்ளைக்கு, டம்ளர் வைக்கக் கூடாத மேஜையைக் குடுத்தேன் பாரு, அது என் தப்பு. கடைக்காரர் சொன்னார். நான் கேக்கலை."

அவள் இரண்டு வட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இது போகாதா?"

"ஸ்பிரிட் தொட்டுத் தேய்ச்சாப் போயிடும். ஆனா எதுக்கு? எல்லாத்தையும் எடுத்துடலாம். உழைக்கிற வார்னிஷா அடிக்கலாம். நீயும் தேய்க்கிறியா?"

"எனக்கு டீ கிடையாதா?" என்றார் சித்தப்பா. "ஆளாளுக்கு ஒரு வட்டம் போடுறீங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பையைக் கட்டில் மேல் வைத்தாள். சாவி வேனிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு மேஜையை வாசலுக்குத் தூக்கிவந்து பாலிஷை முழுக்க எடுத்தோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சித்தி வீட்டில் பெரிய குற்றம் எதுவென்றால், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தேய்ப்பது. ரேகை ஓடுகிற திசையிலேயே கை ஓட வேண்டும். ஒரு முக்காலியில் நான் குறுக்கே தேய்த்தேன் என்று மூன்று தடவை திரும்பத் தேய்க்க வைத்தவள் அவள். அந்தப் பெண் உப்புத்தாளை மடித்து வாங்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, மேஜையின் வலது மூலையைக் குறுக்கே தேய்த்தாள். மறுபடி மறுபடி தேய்த்தாள். சித்தி பார்த்தாள். வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சித்தி, எனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?" என்றேன்.

"உனக்கு வயசு பதினெட்டு. வாயை மூடிக்கிட்டு அந்தக் காலைத் தேய்."

வார்னிஷ் காய்ந்த பிறகு அந்த மூலையில் கீறல்கள் நன்றாகவே தெரிந்தன, கோழி கிளறினது போல. அவள் அன்றைக்கே அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அதன் பிறகு பால் டம்ளரைக் கீறல்களின் மேல்தான் வைத்தாள்.

ஆனால் 'உங்க' மட்டும் போகவில்லை. உங்க வார்னிஷ், உங்க ஜன்னல். சித்தி திருத்துவதை விட்டுவிட்டாள். இருபத்தெட்டாம் நாள், இருபத்தொன்பதாம் நாள் என்று எண்ணிக்கொண்டு, லென்ஸ் கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவ கிளம்புறேன்னு சொன்னா யாரும் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்று எங்களிடம் சொல்லி வைத்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகம்தான் பார்க்க முடியாமல் இருந்தது.

முப்பதாம் நாள் அதிகாரியம்மா வந்தார். இந்த முறை உட்கார்ந்தார், பதினாறாம் எண்ணில். மடியில் ஃபைல். சித்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரியம்மா ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரையே போடலையாம்மா?"

சித்தி கல்லாகிவிட்டாள். பதற்றத்தில் மறந்திருக்கிறாள். அவள் அசைவதற்குள் அந்தப் பெண் எழுந்து போனாள். கூடத்திலிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். அவள் ஒரு இழுப்பறையையும் தேடவில்லை. நேரே மூன்றாம் வரிசை, இடமிருந்து இரண்டாவது. இழுப்பறையை அப்படியே உருவிக்கொண்டு, ஒரு ஸ்பூனோடு வந்து நீட்டினாள்.

அதிகாரியம்மா அட்டையைப் படித்துவிட்டு டம்ளரைப் பின்னால் இழுத்தார். "இருமலா? என்னம்மா இது, மருந்தா?"

"மருந்து இல்ல மேடம், சர்க்கரைதான்" என்றாள் அவள். பெரியவர்களுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு சொன்னாள். "எங்க வீட்டுல சர்க்கரை இருமல்லதான் இருக்கும். காபி தூக்கத்துல இருக்கும். மிளகாய் கண்ணுல. அது அங்கிள் வேலை."

எங்க வீட்டுல. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தாள், எங்களுக்கு முதுகைக் காட்டி. ஆனால் அது டிக்கெட் ஜன்னல் கண்ணாடி. அதில் முகம் முழுவதும் தெரிந்தது.

கேட்க வேண்டிய கேள்வியை அதிகாரியம்மா அதன் பிறகு தனியாக, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, முறைப்படி கேட்டார். பதில் என்னவாக இருக்கும் என்று நாங்கள் வெளியே யாரும் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா மட்டும் பேனாவும் சின்ன வெள்ளை அட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். முப்பது இழுப்பறைகளில் அட்டை தொலைந்துபோன ஒன்று, கடைசி வரிசையில் ஒன்பது வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில், காலியாக இருந்தது. அவர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"என்ன எழுதப்போறீங்க?" என்றாள் சித்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நான் எழுதலை. பேனாவையும் அட்டையையும் இங்க வைக்கிறேன். வந்து அவளே எழுதிக்கட்டும்" என்றார் சித்தப்பா.