சீனியில்லாத டீ

எண்பதுகளில் பேகம்பூர் டீக்கடையில் ஒரு மாஸ்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் சிவப்புத் துண்டு, பக்கத்தில் எந்நேரமும் பாடும் டேப் ரிக்கார்டர். அவருடைய அபிமானப் பாடகர் அப்போதுதான் இறந்திருந்தார். அந்தப் பாடகரைத் தப்பாகப் பேசுகிறவர்களுக்கு மாஸ்டர் சீனி போடாமல் டீ கொடுப்பார்.

“குடிச்சே செத்தாராமே?” என்று கேட்டு நானும் ஒரு கசப்பு டீ வாங்கினேன்.

“முன்ன பாட்டப் பத்திப் பேசுவீங்க. இப்ப அம்புட்டுப் பேரும் டாக்டராயிட்டீங்க” என்றார்.

பெஞ்சில் இருந்த லாரி டிரைவர், “இந்தப் பாட்டுல மனுசன் ரொம்ப இழுக்கிறாருப்பா” என்று சலித்துக்கொண்டார்.

சண்டை வரும் என்று பயந்தேன். மாஸ்டருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “இப்படிப் பேசுங்கண்ணே, கேட்டு எம்புட்டு நாளாச்சு” என்று அவருக்குக் கூடுதலாகச் சீனி போட்டார். பிறகு கரண்டியோடு என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்க, இழுவையா?” என்றார்.

ஆமாம் என்றேனா, இல்லை என்றேனா, நினைவில்லை. டீ இனித்தது.