மூடியில் ஒரு முடி

செய்தி வந்தபோது பகல் பதினொன்று இருபது. தங்கை தன் ஸ்டுடியோவில் ஒருவரைப் பாஸ்போர்ட் படத்துக்காக உட்காரவைத்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. மூச்சைப் பிடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் இருந்த கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. அண்ணி. அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல அவள்.

"உங்க அண்ணன் எழுந்திரிக்க மாட்டேங்கிறார்" என்றாள் அண்ணி. "ஸ்டூல்ல உட்கார்ந்தபடியே சுவத்துல சாய்ஞ்சிருக்கார். மெஷினை அவரே நிறுத்தியிருக்கார். எதிர்வீட்டு டாக்டர் வந்து பார்த்துட்டார். நீ வா."

தங்கை போனை வைத்துவிட்டு அந்த மனிதரின் படத்தை எடுத்து முடித்தாள். கை தானாகச் செய்தது. பிறகு பார்த்தால் படத்தில் அவர் கண் மூடியிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணன் முகம் நினைவுக்கு வரும், அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது ஒரு எண்தான். 3862. அவளுடைய கேமரா ஒரு படத்துக்குத் தானாகக் கொடுத்த எண் அது. ஏழு மாதமாக அந்தப் படத்தை அவள் அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

*

அண்ணனைத் தெரிந்தவர்கள் மரை என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டினவர். அவர் மரை வெட்டிய துளையில் போல்ட்டை நிறுத்தி விரலால் ஒரு சுண்டு சுண்டினால், அது தானாகவே சுழன்று இறங்கி அடியில் போய் உட்காரும். அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ஃபோர்மேன் வைத்த பெயர் அது. அண்ணி மட்டும் அதைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் மரை வெட்டுவார். இவருக்குத்தான் கழண்டு கிடக்கு" என்பாள், அவர் காதில் விழும்படி.

பேனா செய்ய ஆரம்பித்த கதையும் மரை கழண்ட கதைதான். நாற்பது வயதில் அவருடைய பேனாவின் மூடி எங்கோ தொலைந்தது. கடையில் ஒன்றுக்கு இரண்டு பேனா வாங்கலாம். அவரோ கம்பெனியில் கிடந்த எபோனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பர் துண்டை எடுத்துக் கடைந்து ஒரு மூடி செய்தார். மூடி மிக நன்றாக வந்துவிட்டது. பழைய பேனாவின் மேல் அது பிச்சைக்காரன் தலையில் கிரீடம் மாதிரி இருந்தது. "மூடிக்கு ஏத்த பேனா இல்லையே" என்று மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் பேனாவையும் செய்தார். நிப் மட்டும் வெளியே வாங்கினார்.

அதிலிருந்து அவருக்குப் பேனா என்றால் மூடிதான். உடம்பைக் கடைவது யாராலும் முடியும், மூடி திருகும்போதுதான் செய்தவன் யாரென்று தெரியும் என்பார். அவர் மூடிகள் ஒன்றேகால் சுற்றில் மூடும். அதற்கு மேல் ஒரு மயிரிழை திருகவேண்டியிருந்தாலும் அவருக்குப் பிடிக்காது. கம்பெனியை விட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் பழைய லேத் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். எபோனைட்டைக் கடைந்தால் ரப்பர் கருகுகிற வாசனை வரும். சட்டையில், போர்வையில், தண்ணீர்ச் செம்பில் எல்லாம் அது ஏறியது. "நான் ஒரு டயரைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று அண்ணி சொன்னதைத் தங்கை ஸ்டுடியோவில் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறாள்.

கேட்டு எழுதுகிறவர்களுக்கு அவர் செய்யும் பேனாக்களைப் படம் எடுப்பது தங்கையின் வேலை. ஞாயிறு மதியம் வருவாள். கடைசல் அறையின் ஜன்னலில் டிரேசிங் பேப்பரை ஒட்டி வெயிலை மட்டுப்படுத்துவாள். பேனா உருளாமல் இருக்க அடியில் மிளகளவு மெழுகு வைப்பாள். பளபளப்பு ஏற்றிய பேனா கண்ணாடி மாதிரி. அறையில் உள்ள எல்லாவற்றையும் தன்மேல் காட்டும். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு, வெள்ளை அட்டையைப் பிடித்தபடி அவள் சொல்கிற இடத்தில் நிற்பார்.

"இன்னும் கொஞ்சம் கீழ, அண்ணா. தொப்பை தெரியுது பேனாவுல."

"தொப்பை இல்லைடி, டிசைன்."

ஸ்டுடியோவில் அவள் வேலையே டச்சப்தான். முகங்களிலிருந்து பருவையும் தழும்பையும் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவாள். அதனால் அண்ணன் அவளை டச்சப் என்று கூப்பிட்டார். பேனாவிலும் அதே தொல்லை. எத்தனை முறை துடைத்தாலும் துணியின் நூலோ தூசியோ எங்கேயாவது ஒட்டிக்கொண்டு, லென்ஸில் கயிறு மாதிரி தெரியும். "மூடியில முடி!" என்று கத்துவாள். அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "நிச்சயமா என்னுது இல்ல" என்பார். பதினோரு வருடமாக ஒரே ஜோக். இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள்.

*

ஒரு தலைமையாசிரியை கேட்டது கனமான பேனா. மூட்டுவலியால் மெல்லிய பேனாவைப் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அண்ணன் பச்சையும் கறுப்பும் அலையலையாக ஓடும் எபோனைட் ராடை எடுத்து, பெருவிரல் தடிமனுக்கு ஒன்று செய்தார். அவர் செய்ததிலேயே அழகானது அதுதான் என்று தங்கைக்குத் தோன்றியது.

அன்று ஞாயிறு அல்ல, வேலை நாள்; ஸ்டுடியோவில் அவளுக்காக ஒரு குடும்பம் காத்திருந்தது. அவசரமாக எடுத்தாள். 3862இல் மூடியின் வாயோரம் வெளிறிய கோடு ஒன்று, நகத்தின் நீளத்துக்கு, லேசாக வளைந்து. "மூடியில முடி" என்றாள். அண்ணன் வழக்கம்போலச் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். அவர் பனியன் துணியால் துடைத்தார். அடுத்த படம் எடுத்தாள். அண்ணன் பேனாவைப் பெட்டியில் வைத்து ஒட்டி, தபாலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது 3863லும் அந்தக் கோடு இருந்தது. அதே இடம், அதே வளைவு. துடைத்த முடி அதே இடத்தில் வந்து படுக்காது. இது அவளுக்குத் தெரியும். அரை நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே அந்தக் குடும்பத்தின் குழந்தை அழுதது. அவள் கை பழக்கத்தில் போய்க் கோட்டைத் துடைத்தது. மூடி மாசு மருவில்லாமல் ஆனது.

ஆறு வாரம் கழித்து மூடி வாயிலிருந்து மேலே வரை பிளந்தது. தலைமையாசிரியை பேனாவைத் திருப்பி அனுப்பி, கூடவே ஒரு சீட்டு வைத்திருந்தார்: "என் விரல்கள் இப்போது எதையும் அளவாகப் பிடிப்பதில்லை. நான்தான் இறுக்கித் திருகியிருப்பேன். உங்கள் வேலையில் குறை இல்லை."

அண்ணன் சீட்டைப் படித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"டச்சப்பு, அன்னைக்கு எடுத்த படத்துல ஏதாவது தெரிஞ்சுதா? கீறல் மாதிரி?"

"ஒண்ணும் இல்லையே அண்ணா."

சொன்னதோடு விடவில்லை. துடைத்த படத்தைத் திறந்து காட்டவும் செய்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப போறப்ப நல்லாத்தான் போயிருக்கு" என்றார். "அப்படின்னா மரைதான். மரையை இறுக்கமா வெட்டியிருக்கேன். எனக்கே தெரியாம."

உண்மையைச் சொல்லியிருந்தால் அது ராடில் இருந்த கீறல் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். வேறு ராடில் ஒரு மூடி. ஒரு காலை வேலை.

*

ஏழு மாதம் அவள் சொல்லவில்லை. சொல்லத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். ஒரு வாரம் அண்ணனுக்கு ஜலதோஷம். ஒரு வாரம் ஃபோர்மேன் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் அண்ணன் சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகு ஞாயிறுகளில் படம் எடுக்கப் பேனாவே இல்லாமல் போயிற்று. புதிதாகக் கேட்டவர்களுக்கு, "கொஞ்ச நாள் போகட்டும்" என்று எழுதிவிட்டதாக அண்ணன் சொன்னார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள், அண்ணி கடைசல் அறையைத் திறந்தாள். "ஜன்னலை மட்டும் சாத்திட்டு வந்துடலாம்" என்றாள். உள்ளே வாசனை அப்படியே இருந்தது. லேத்தின் அடியில் பச்சையும் கறுப்புமாகச் சுருள் சுருளாகச் சீவல். தங்கை பெருக்கப் போனாள். "விடு" என்றாள் அண்ணி.

அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா. தங்கை எடுத்தபோது கலகலத்தது. பதினொரு மூடிகள். எல்லாம் அதே பச்சை, அதே தடிமன். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"எல்லாம் கழிச்சது" என்றாள் அண்ணி. "ஒண்ணு செய்வார், லென்ஸ் வச்சுப் பார்ப்பார், வெளிச்சத்துல திருப்பிப் பார்ப்பார், டப்பாவுல போடுவார். நல்லாத்தானே இருக்குன்னு கேட்டா, உனக்கென்ன தெரியும்பார்."

தங்கை ஜன்னலில் டிரேசிங் பேப்பரை ஒட்டினாள். மெழுகை உருட்டினாள். பதினொன்றையும் ஒவ்வொன்றாக வைத்து, சுற்றிலும் திருப்பித் திருப்பி எடுத்தாள். அட்டை பிடிக்க ஆள் இல்லை. நாற்காலிமேல் சாய்த்து வைத்தாள். அண்ணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்ததில் தூசி இருந்தது, நூல் இருந்தது. கீறல் ஒன்றில்கூட இல்லை. டப்பாவின் அடியில் துணியில் சுற்றியிருந்த தலைமையாசிரியையின் பேனாவை எடுத்து ஒவ்வொரு மூடியாகத் திருகினாள். ஒன்றேகால் சுற்று. ஒன்றேகால் சுற்று. பதினொன்றும்.

"அண்ணி, இதுல ஒண்ணும் கெட்டதில்ல" என்றாள். பிறகு மற்றதையும் சொன்னாள். கேமராவில் 3862ஐத் திறந்து காட்டினாள்.

அண்ணி கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டாள். கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"இந்தக் கோடா?"

"ஆமா."

"இவ்வளவுதானா?"

தங்கை தலையை ஆட்டினாள்.

"கண்ணாடி மாத்தணும்னு ரெண்டு தடவ போனார்" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "முதல் டாக்டர் சொன்னார், உங்க கண்ணு முப்பது வயசுக்காரன் கண்ணு மாதிரி இருக்கு, வீட்டுக்குப் போங்கன்னு. அந்த டாக்டருக்கே கண்ணு தெரியலைன்னு இன்னொரு டாக்டர்கிட்ட போனார். அவரும் அதையேதான் சொன்னார். அப்புறம் கைதான் போச்சுன்னார். சாப்பிடுறப்ப டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, கை நடுங்குதா பாரு, நடுங்குதா பாருன்னு என்னைக் கேப்பார். நடுங்கலைன்னா, நீ பொய் சொல்றேம்பார்."

"அண்ணி..."

"நீ சொல்லியிருந்தா கத்தியிருப்பார். அரை நாள் கத்தியிருப்பார். அப்புறம் சோத்தைப் போடுன்னு வந்து உட்கார்ந்திருப்பார்." கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "சொல்லிட்டே. உன் பாரம் இறங்கிடுச்சு. இப்ப எனக்கு ஏறிடுச்சு. போ, எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுவா."

தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணி பாதி குடித்துவிட்டு, செம்பை முகர்ந்து பார்த்து, "டயர்" என்றாள். அப்போதுதான் அழுதாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைத் தொட்டபோது அண்ணி கையைத் தட்டிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டீச்சரம்மாவுக்கு எழுது. அவங்களும் தன் கைதான் காரணம்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. எத்தனை பேருக்குக் கை போகணும் உன் ஒருத்தியால?"

அன்றே எழுதினாள். துடைக்காத படத்தையும் சேர்த்து அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது, நான்கு வரியில். தன் விரல்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கை திரும்பியிருப்பதாகவும், அவர் போனது வருத்தமாக இருப்பதாகவும், பேனாவை முடிந்தபோது அனுப்பினால் போதும் என்றும் இருந்தது. தங்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னித்ததாகவும் இல்லை, கோபித்ததாகவும் இல்லை.

பதினொன்றில் நல்லதாக ஒன்றைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று தங்கை நினைத்தாள். பென்சில் குறி ஈரத்துணி பட்டால் போய்விடும்.

"மறுபடியும் துடைக்கப் போறியா?" என்றாள் அண்ணி. "அவர் கழிச்சதை அவர் பேர்ல அனுப்பாதே. நல்லதா இருந்தாலும் சரி."

குறி போடாத மூடி ஒன்று இருக்கிறது. அது லேத்தில் இருக்கிறது. அன்று காலை அவர் துளையிட்டு, உள்ளே மரை வெட்டி முடித்திருந்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கை பேனாவைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்துத் திருகிப் பார்த்தாள். ஒன்றேகால் சுற்று. துக்கம் கேட்க வந்த ஃபோர்மேன் குனிந்து பார்த்துவிட்டு, "அறுத்தெடுத்துத் தலையை உருட்டிப் பாலீஷ் போட்டா சரி, அரைமணி நேர வேலை, நான் செஞ்சு தரவா?" என்று கேட்டார். அண்ணி ஒரு துணியை எடுத்து லேத்தின் மேல் போர்த்தினாள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பன்னிரண்டாவது மூடி இன்னும் ராடிலிருந்து அறுக்கப்படவில்லை.