இரண்டால் வகுக்க மறந்த கணக்கு

கனமான ஒரு துகள் சிதைந்து, அச்சில் வார்த்தது போன்ற, மீசான் எனப்படும் இரண்டு சிறு துகள்களாகப் பிரிவது எத்தனை தடவைக்கு ஒரு தடவை நடக்கும்? சோதனைக்கூடத்தில் யாரும் பார்ப்பதற்கு முன்பே அதைக் காகிதத்தில் கணித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. போன வருடம் நான் சொன்ன விடை, மற்றவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கைப் பார்த்துத்தான் ஒரு நல்ல வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

நேர்காணலுக்கு நாலு நாள் முன்பு கிளியூரில் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கை என்றால் பத்து நிமிடம் இளையவள், நாங்கள் இரட்டையர். அவள் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்த பகலில், கணக்கைச் சும்மா புரட்டினேன். பகீரென்றது. ஒரு மீசான் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் என்று ஒருமுறை எண்ணியிருந்தேன். இடம் மாற்றிப் போட்டு இன்னொரு முறையும் எண்ணியிருந்தேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று என்பதால் அது வேறு நிகழ்ச்சியே இல்லை. இரண்டால் வகுத்திருக்க வேண்டும். மாணவர்கள் செய்தால் நானே திட்டுகிற தப்பு.

சாயங்காலம் தலைத்துணியை அவிழ்க்குமுன்பே அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். புரியும்படி சொன்னேன். இதுவரை யாரும் கவனிக்கவில்லை, நேர்காணல் முடிந்தபிறகு திருத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

“காப்பகத்து ஆயாவாட்டப் பண்ணிப்போட்டியே!” என்று சிரித்தாள்.

எனக்கு உயிரே போயிற்று. சின்ன வயதில் எங்களைப் பார்த்துக்கொண்ட எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்து ஆயாவுக்கு எங்களில் யார் யாரென்று அடையாளம் தெரியாது. ஒருநாள் இரண்டாவது முறை என்னை அவளென்று நினைத்து, எனக்கே இரண்டு டம்ளர் பால் கொடுத்துவிட்டார். நானும் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு மட்டுமே தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? எனக்குத்தான் பால் வரலையே. உனக்கு நொம்பப் பசியாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

“ஏன்டி கேக்கல?”

“நீயே வந்து சொல்லுவியாக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அழுதுவிட்டேன். அவளோ ஒன்றும் நடக்காததுபோல் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பஸ் ஸ்டாப் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். பனிமூட்டத்தில் இருவரும் ஏறினோம். அவள் குடை பிடிக்க, தப்பை ஒப்புக்கொண்டு, நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்களுக்குப் போனிலேயே கடிதம் அனுப்பினேன். அந்த வேலை பிறகு கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் பால் காய்ச்சினாள். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். முதலில் நீ குடி என்றேன். மறுக்காமல் குடித்தாள்.