மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்ச்

பள்ளிக்கூடங்களில் அவருக்குக் 'கடைசி பெஞ்ச் மேடம்' என்று பெயர். ஆய்வுக்கு வருகிற மற்ற அதிகாரிகள் ஆசிரியரின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜம்மென்று உட்காருவார்கள். இவரோ நேரே பின்னால் போய், "கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு" என்று பிள்ளைகளோடு பிள்ளையாக இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கணக்கு டீச்சராக இருந்தவருக்கு மத வகுப்புகளை ஆய்வு செய்கிற வேலை வந்ததே ஒரு கூத்து. முன்னால் இருந்த அதிகாரி பெரிய பக்திமான், தன் மதத்துக்குச் சாய்கிறார் என்று புகார். அடுத்து வந்தவர் கடவுளே வேண்டாம் என்பவர், அவர் மேல் எல்லாப் பக்கமும் புகார். மண்டையைக் குடைந்துகொண்ட அலுவலகம், எந்தப் பக்கம் என்று எவருக்கும் பிடிபடாத இந்த அம்மாள் தலையில் அதைக் கட்டிவிட்டது. தலைமையாசிரியர்கள் அவர் கழுத்தைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஊஹூம், மூச்சு விடமாட்டார். வீட்டுக்காரருக்காவது தெரியுமா என்றால், அந்த மனுஷன் பாடு அதைவிட மோசம்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன், நீ என்னதான் நம்பறே?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். முடிஞ்சதும் சொல்றேன்," என்பார் மேடம், காய் நறுக்கிக்கொண்டே.

அவர் குணமே அதுதான். எதையும் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மடியில் இருக்கும் பொட்டலத்தில் என்ன என்று தெரியாமல் இறங்க மனசு வராது. இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு லாரி மெக்கானிக்கின் புகார் வந்து சேர்ந்தது.

மெக்கானிக் வீட்டு வழிபாடு வேறு. மகளுக்குப் பள்ளியின் மத வகுப்பு வேண்டாம் என்றார். பெற்றவர்கள் கேட்டால் விலக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் நடையாய் நடந்து, மல்லுக்கட்டித்தான் அதை வாங்கினார். அப்புறம் ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள், அந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற பிரார்த்தனையை ஒரு வரி பிசகாமல் முணுமுணுத்திருக்கிறாள். மனுஷனுக்கு ரத்தம் கொதிக்காதா? என் மகளைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கிறார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டார்.

அது நிஜமானால் மத ஆசிரியைக்கு வேலை போய்விடும். பாவம், தற்காலிக வேலை. நிரந்தரமாகும், நிரந்தரமாகும் என்று காத்துக் காத்துக் கண் பூத்துப்போனவர்.

"பெரிய விஷயமே இல்ல மேடம், டீச்சரை நிறுத்திட்டா தீந்துது," என்றார் தலைமையாசிரியர், தேநீரை நீட்டியபடி. அடடா, என்ன தாராளம்! போகப்போவது அவர் வேலை இல்லையே.

"நிறுத்தறது இருக்கட்டும். மொதல்ல பாத்துடறேனே," என்று மேடம் எழுந்தார்.

மத வகுப்பில் கடைசி பெஞ்சில்தான் மெக்கானிக்கின் மகளும் இருந்தாள். பத்து வயசு இருக்கும். எல்லாரும் கண்ணை மூடிப் பிரார்த்தனை சொன்னபோது அவள் கண்ணும் மூடவில்லை, வாயும் திறக்கவில்லை. ஜன்னலில் ஓடுகிற எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அதட்டவில்லை. அட, இது என்ன கட்டாயம் என்று மேடத்துக்கு ஆவல் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வகுப்பு உனக்குப் பிடிக்குமா?" என்று காதோரம் கேட்டார்.

"தெரியல மிஸ்."

"யாராவது வரச் சொன்னாங்களா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அப்போ ஏன் வர்றே?"

அந்தப் பெண் வெளியே கையைக் காட்டினாள். "அங்க யாருமில்ல மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பு நடக்கும்போதே நைசாக எழுந்து வெளியே போனார். வராந்தாவின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே ஒரு பெஞ்ச் கிடந்தது. அதிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டால் என்ன? குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தார். எதிரே சுவர். தலைக்கு மேலே படியின் அடிப்பக்கம். வகுப்பில் ஆசிரியை என்னவோ சொல்ல, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார் என்று எட்டிப் பார்க்கக்கூட அங்கிருந்து வழியில்லை. அந்தப் பக்கம் வந்த பியூன் பதறிப்போனார்.

"ஐயையோ மேடம், உங்களையுமா வெளிய அனுப்பிட்டாங்க?"

மேடம் சிரித்தார். ஆனால் பீரியட் முடிகிற மணி அடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பெரியவளான தனக்கே இங்கே உட்கார முடியவில்லையே, ஒரு குழந்தை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தார்.

மத ஆசிரியை சாக்பீஸைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றார். "விதி தெரியும் மேடம். முன்னாடி விலக்கு வாங்கின பிள்ளைங்க நாலஞ்சு பேர் இருந்தாங்க, இப்ப இவ ஒருத்திதான். அன்னைக்கு மழை, சாரல்ல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. உள்ள வாடான்னு கூப்பிட்டேன். மறுநாள் மழையில்ல, ஆனாலும் வந்து வாசல்ல நின்னா. போன்னு சொல்ல வாய் வரல."

அதற்குள் வரச்சொல்லியிருந்த மெக்கானிக்கும் வேலைச் சட்டையோடு வந்துவிட்டார். வரும்போதே சத்தம். "எம்பொண்ணை யாரைக் கேட்டு உள்ள உக்கார வெச்சீங்க?"

"வாங்க, காட்டறேன்," என்றார் மேடம். மெக்கானிக், தலைமையாசிரியர், ஆசிரியை, அந்தப் பெண் எல்லாரையும் மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"இது என்ன இடம்?" என்றார் மெக்கானிக்.

"விலக்கு வாங்கின பிள்ளைங்க உக்கார்ற இடம்," என்றார் தலைமையாசிரியர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"லைப்ரரின்னு சொன்னீங்களே சார்?"

"அங்க இருந்தவர் மாறிப் போயிட்டார். பூட்டியிருக்கு."

"சாவி?" என்றார் மேடம். தலைமையாசிரியர் சட்டைப் பையைத் தடவ, மேடமே தொடர்ந்தார். "நாளையிலேருந்து லைப்ரரி திறந்திருக்கணும், கூட ஒரு டீச்சரும் இருக்கணும். குத்தம் யாரோடதுன்னு எழுதணுமோ, அவங்களோடதுன்னு எழுதிக்கறேன். இந்த டீச்சர் யாரையும் கட்டாயப்படுத்தல."

மத ஆசிரியை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இங்கதான் தனியா உக்கார வெச்சாங்கன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா தங்கம்?"

அந்தப் பெண் காலால் தரையைத் தேய்த்தாள்.

"நீங்க எனக்காக எவ்ளோ சண்டை போட்டு வாங்கிக் குடுத்தீங்க. அது வேணாம்னு எப்படிப்பா சொல்றது?"

மெக்கானிக் எழுந்து படிக்கு அடியில் போனார். அப்படியே அந்தப் பெஞ்சைப் பிடித்து அதில் உட்கார்ந்தார். மகளும் போய் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்ததும், இரண்டு பேருமாகக் கொஞ்சம் தள்ளி அவருக்கு இடம் விட்டார்கள்.