எச்சில் விழுங்கும் சத்தம்

அக்கா வீட்டு ஷோகேஸில், கல்யாணப் படத்துக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவே ஒரு பவுடர் பேணி, வெறும் தகர டப்பா, நிற்கிறது. அதன் தலையில் தேநீர் வடி ஒன்றைக் கவிழ்த்து ஈயத்தால் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைக்கிறார்கள். அது மைக். அக்காவின் கணவர், என் அத்தான், யுத்த காலத்தில் தன் கையால் செய்த வால்வு மைக். உள்ளே இருப்பது பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்ணாடிக் குழல் வால்வு ஒன்றும், கெட்டுப்போன கொண்டென்சரைப் பிரித்து உரித்தெடுத்த மெல்லிய வெள்ளிப் படலமும்தான். அந்தப் படலத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி முடிக்கும்வரை வீட்டில் யாரும் தும்மக்கூட முடியவில்லை என்று அக்கா இன்றைக்கும் குறை சொல்வாள்.

ஒலிப்பதிவுக் கூடம் என்று வாசலில் பலகை போட்டிருந்தார். பெரிய பெயர். அமிர்தகழிக்குப் போகும் வழியில், வாவியைப் பார்த்திருந்த அக்காவின் சீதன வீட்டில் ஒரு அறை, அவ்வளவுதான். சுவர் முழுக்கச் சாக்கு, யன்னலுக்குப் பழைய மெத்தை. மாமாங்கத் திருவிழாவில் விற்கும் பக்திப் பாட்டுக் கஸெட்டுகளுக்கு நான்தான் பாடகி. என் குரல் அப்படி ஒன்றும் உசத்தியில்லை. மற்றவர்கள் அந்தப் புழுக்கத்தில் ஒரு தரம் பாடிவிட்டு ஓடிப்போனார்கள். விசிறியைப் போடவிட மாட்டார். “முழுங்காத புள்ள, இது எச்சில் முழுங்கினாலும் புடிச்சிரும்” என்பார். பாடும்போது அவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் தொண்டைக் குழியையே பார்த்திருப்பார். நான் விழுங்கப்போவது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கை உயரும், பதிவு நிற்கும்.

மைக்குக்கு உயிர் கொடுத்தது இன்னொரு பெட்டி. பிஸ்கட் தகரத்துக்குள் டிரான்ஸ்போமரும் பெரிய கொண்டென்சர்களும் வைத்துச் செய்தது. வால்வுக்கு அத்தனை கரண்ட் வேண்டும். சுவிட்சை நிறுத்திய பிறகும் அந்தக் கொண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அக்கா அதற்குக் கடிநாய் என்று பெயர் வைத்திருந்தாள். அந்த மூலையைக் கூட்டவும் மாட்டாள்.

இரண்டு ஒழுங்கைக்கு அப்பால், மூடிக்கிடந்த அரிசி ஆலையில் அப்போது ஆயுதக்காரர்களின் முகாம் ஒன்று இருந்தது. யாருடைய முகாம் என்று எழுத மாட்டேன். பயத்தினால் அல்ல. ஒரு பெயரை எழுதினால் மற்றவர்களெல்லாம் நல்லவர்களாகிவிடுவார்கள்.

ஒருநாள் பின்னேரம், பாடிக்கொண்டிருந்தபோதே முகாம்காரர்கள் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்கள். என்ன தேடுகிறார்கள் என்று கேட்டதற்கு அத்தானுக்குக் கன்னத்தில் விழுந்தது. சாக்குகளைக் கிழித்தார்கள். கஸெட்டுகள் சப்பாத்துக்கடியில் நொறுங்கின. ஒருவன் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டான். அத்தான் “தொடாத தம்பி!” என்று கத்துவதற்குள் அவன் தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் இரத்தம். எங்களை அந்த இடத்திலேயே சுட்டுவிடுவார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமில்லை. திறந்து பார்த்தால், அவர்களுடைய பொறுப்பாளர் விழுந்தவனையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இது எப்பிடி அடிச்சது?”

கேட்டவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லும் பைத்தியம் என் அத்தான். சொன்னார். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “மைக் எங்களுக்கு வேணாம். இந்தப் பெட்டிய மட்டும், அடிய இன்னும் கொஞ்சம் கூட்டித் தாங்க. ஆள் சாகப்படாது, வாயத் திறந்தாப் போதும். மறுகா வெள்ளிக்கிழமை வாறம்.”

அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இஞ்சேருங்க, செஞ்சு குடுத்திட்டு உசிரோட இரிங்க. நீங்க செய்யாட்டி வேற ஒருத்தன் செய்வான்.”

“ஓம், செய்வான். அது அவன்ட கை” என்றார் அத்தான்.

அடுத்த நாள் காலையில் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பெட்டியை உடைத்தார். டிரான்ஸ்போமரின் செம்புக் கம்பி குடல்போல் வெளியே வந்தது. எனக்கு அது வீரமாகத் தோன்றவில்லை. எங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நல்லவராகப் போகிறார் என்றுதான் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். நொறுங்கிக் கிடந்ததைப் பொறுப்பாளர் காலால் கிளறிப் பார்த்தான். “கேக்கிறதுதானே உன்ட தொழில்?” என்றான். ‘அண்ணே’ என்ற மரியாதை போய்விட்டது. துவக்குப் பிடியால் ஒரு காதில் அடித்தான். விழுந்தவரை மயிரைப் பிடித்து நிமிர்த்தி மற்றக் காதில் அடித்தான். பிறகு எல்லோருமாக. அக்கா குறுக்கே விழப் போனாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன். அவரை ஒழுங்கை வழியே இழுத்துப் போனார்கள். திருப்பி அனுப்பியபோது இரண்டு காதிலும் சீழ். வலது கையில் நகங்கள் இல்லை. அக்கா அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

ஆலை நிற்கவில்லை. அவர்களுக்கா பெட்டி கிடைக்காது? அக்கா சொன்னதுபோல யாரோ எதையோ செய்து கொடுத்திருந்தார்கள். பின்னேரங்களில் வாவிக் காற்றோடு அலறல் வரும். ஊர் யன்னல்களைச் சாத்திக்கொள்ளும். அத்தான் மட்டும் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தன் குரலே தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி என்னிடம் கேட்பார்: “ஆலப் பக்கம் சத்தமேதும் கேக்குதா புள்ள?” நான் இல்லையென்று தலையாட்டுவேன். அக்கா குசினிக்குள் போய்விடுவாள். அந்தக் காதுகளைக் கொடுத்து அவர் வாங்கியது அந்த ஒரு ‘இல்லை’தான். அதையும் பறிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அலறல் எழுந்தது. சின்னப் பெடியனின் குரல். அம்மா என்று தொடங்கி, சொல்லாக முடியாமல் போனது. முகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். தலையையும் ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய பழக்கத்தில் தொண்டைக் குழியைப் பார்த்தார். நான் விழுங்கினேன்.

அவருடைய கை உயர்ந்தது, பதிவை நிறுத்த உயர்வது போலவே. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு மடியில் விழுந்தது. அதன் பின் அவர் சாகும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

ஆலை இப்போது கல்யாண மண்டபம். நாங்களும் அழைப்புக்குப் போய் அங்கே சோறு தின்றுவிட்டுத்தான் வருகிறோம். வரும் வழியில் அக்கா வீட்டில் இறங்கி, ஷோகேஸின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். பெட்டி இல்லாத மைக்குக்கு ஒன்றும் கேட்காது. தெரிந்தும், எச்சிலை விழுங்காமல்தான் நிற்கிறேன்.